அசுவினியைக் காயவைக்கும் ஹார்மோன்: கம்பத்து வாழைக்கும் வண்டன்மேட்டு ஏலத்துக்கும் உதவுமா?

கம்பத்தில் வாழையும் மேலே இடுக்கி மலையில் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டமும் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேட்டது இது: "ரெண்டு இடத்திலும் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சிதான் பிரச்சினை. பூச்சி உடம்பில் இருக்கிற தண்ணியை ஹார்மோனை வைத்தே வெளியேற்றி, காயவைத்துக் கொல்கிற மருந்து வந்திருக்கிறது என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். விலையும் ஜாஸ்தி. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? வாங்கலாமா? தேனீக்கு ஆகுமா?"

அண்ணே, வாங்க வேண்டாம். பூச்சியின் நீர்ச்சமநிலையை ஆளும் ஹார்மோனை வைத்துத் தயாரித்த தெளிப்பு மருந்து எதுவும் நம் ஊர் உரக்கடைகளில் இன்றைக்குக் கிடையாது. அந்த பாட்டிலின் லேபிளை ஒருமுறை பாருங்கள். பூச்சிமருந்து என்றால் பதிவு எண், மருந்தின் பொதுப்பெயர், சதவீதம், நச்சின் அளவைக் காட்டும் நிறக்கட்டம், விஷமுறிவுக் குறிப்பு எல்லாம் இருந்தாக வேண்டும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இதெல்லாம் கட்டாயம். இவை எதுவும் இல்லாமல் 'ஹார்மோன்', 'பயோ' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் பயிர் ஊக்கியாக இருக்கலாம், இல்லையென்றால் பெயரைச் சொல்லாமல் ஏதோ ஒரு பழைய மருந்தைக் கலந்ததாக இருக்கலாம். இரண்டாவதுதான் எனக்குப் பயம். ஏலக்காய் எச்சப் பரிசோதனைக்குப் போகும்போது நீங்கள் அடிக்காத மருந்தின் பெயர் அறிக்கையில் வரும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

ஆனால் கடையில் சொன்ன அறிவியல் பொய்யில்லை. அசுவினியை ஹார்மோனால் கொல்ல முடியும் என்பது ஆய்வுக்கூடத்தில் நடந்து முடிந்த காரியம். அது ஏன் இன்னும் தோட்டத்துக்கு வரவில்லை, வந்தால் உங்கள் இரண்டு நிலங்களில் எதற்கு அதிகம் உதவும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விஷயம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை எந்தக் கடையிலும் நீங்களே கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

பூச்சிக்குத் தண்ணீர் என்பது எப்போதும் நெருக்கடியான கணக்கு. உருவம் சிறுக்கச் சிறுக்க, உடம்பின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் நாளெல்லாம் ஈரமாக இருக்கும், விரித்துப் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடும். பூச்சி எப்போதுமே விரித்துப் போட்ட துணிதான். அது காயாமல் இருப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. தோலின் மேலே படிந்திருக்கும் மிக மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று. உள்ளே சிறுநீரக வேலையைச் செய்யும் குழாய்களும் பின்குடலும் இன்னொன்று.

மெழுகுப் படலத்தை உடைத்துப் பூச்சியைக் காயவைப்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தை. துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும், அவரைக் கொடியில் அசுவினி விழுந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவதும் அதுதான். 1940-களில் இங்கிலாந்தில் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். நுண்ணிய தூள் மேலே உரசி மெழுகைச் சுரண்டிவிடுகிறது, அந்தக் கீறல் வழியாக நீர் ஆவியாகிப் பூச்சி சாகிறது என்று காட்டினார். தூளில் விஷம் எதுவும் வேண்டியதில்லை. ஆக, நீர்க்கணக்கைக் குலைத்துப் பூச்சியைக் கொல்லும் எண்ணம் புதியதல்ல. அதை வெளியிலிருந்து செய்யாமல், பூச்சியின் சொந்த ஹார்மோனைக் கொண்டு உள்ளிருந்தே செய்வதுதான் புதியது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான பூச்சிகளின் நடுக்குடலும் பின்குடலும் சேருமிடத்தில் நூல்போன்ற குழாய்கள் கிளம்பி உடற்குழிக்குள் மிதந்துகொண்டிருக்கும். 1669-இல் பட்டுப்புழுவை அறுத்து ஆராய்ந்து எழுதிய இத்தாலியர் மார்செல்லோ மால்பீகியின் பெயரால் இவற்றை மால்பீகியன் குழாய்கள் என்கிறோம். நம் சிறுநீரகத்தில் இரத்த அழுத்தம்தான் நீரை வடிகட்டித் தள்ளுகிறது. பூச்சிக்கு அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. அதனால் குழாயின் சுவரில் உள்ள செல்கள் ஆற்றலைச் செலவழித்துப் பொட்டாசியம், சோடியம், குளோரைடு அயனிகளைக் குழாய்க்குள் ஏற்றுகின்றன. உப்பு போகிற பக்கம் தண்ணீரும் போகும். அப்படி உருவாகும் நீர் பின்குடலுக்கு வரும்போது, வேண்டிய தண்ணீரையும் உப்பையும் அங்கே திரும்ப உறிஞ்சிக்கொண்டு மிச்சம் வெளியேறும். குழாய் எவ்வளவு வேகமாக ஊற்ற வேண்டும், பின்குடல் எவ்வளவு திரும்ப எடுக்க வேண்டும் என்று உத்தரவு போடுபவைதான் நாம் பேசும் ஹார்மோன்கள்.

இந்த உத்தரவின் சக்தியைப் புரிந்துகொள்ள ஒரு பூச்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் சாகஸ் நோயைப் பரப்பும் ரோட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் நாவாய்ப்பூச்சி ஒரே தடவையில் தன் எடையைப்போல் பத்து மடங்கு இரத்தம் குடிக்கும். குடித்த சில நிமிடங்களிலேயே அதற்குச் சிறுநீர் போக ஆரம்பித்துவிடும், குழாய்களின் வேகம் ஆயிரம் மடங்கு வரை கூடும். விக்கிள்ஸ்வொர்த்தான் 1930-களில் இதை விரிவாக ஆராய்ந்தவர். பிறகு 1960-களில் சைமன் மேட்ரெல் என்பவர், நெஞ்சுப் பகுதியின் நரம்புத்திரளிலிருந்து இரத்தத்துக்கு வரும் ஒரு ஹார்மோன்தான் இந்த மடையைத் திறக்கிறது என்று நிறுவினார். ஒரு பூச்சியின் நீரோட்டத்தை ஆயிரம் மடங்கு மாற்றக்கூடிய பொருள் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதை நேரங்கெட்ட நேரத்தில் நாம் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

பிறகு ஒவ்வொரு ஹார்மோனாகப் பிரித்தெடுத்தார்கள். 1980-களின் நடுவில் கரப்பான் பூச்சியிலிருந்து ஹோல்மன், குக், நாக்மன் என்ற மூவர் லூக்கோகைனின் என்ற குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். வெறும் எட்டு அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, அதிலும் கடைசி ஐந்துதான் வேலை செய்யும் பகுதி. 1989-இல் புகையிலைக் கொம்புப்புழுவிலிருந்து 41 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய சிறுநீர்ப்பெருக்கு ஹார்மோன் கிடைத்தது. வெட்டுக்கிளியில் பின்குடலை நீர் உறிஞ்சச் சொல்லும் ஹார்மோன் கிடைத்தது. கப்பா என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. இது பழ ஈயில் சிறுநீரைக் கூட்டும், ரோட்னியஸில் அதையே குறைக்கும். ஒரே குடும்பத்துப் பொருள் ஒரு பூச்சிக்குத் திறப்பாகவும் இன்னொன்றுக்கு அடைப்பாகவும் இருக்கிறது. 'எல்லாப் பூச்சிக்கும் ஒரே ஹார்மோன் மருந்து' என்று யாராவது விற்றால் நம்பக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதை வைத்துப் பூச்சியைக் கொல்ல முடியும் என்று முதலில் உறுதியாகக் காட்டியது பட்டுப்புழுவில்தான். 1989-இல் ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு மயேடா, பட்டுப்புழுவைத் தாக்கும் வைரஸுக்குள் கொம்புப்புழுவின் சிறுநீர்ப்பெருக்கு ஹார்மோன் மரபணுவைச் சேர்த்தார். வைரஸ் புழுவுக்குள் பெருகும்போது ஹார்மோனையும் சேர்த்துச் சுரக்கும். புழுவின் உடல்நீர் குலைந்து, சாதாரண வைரஸைவிட ஏறக்குறைய 20 சதவீதம் சீக்கிரமாகச் செத்தது. வைரஸ் மருந்துகளின் பெரிய குறையே தாமதம்தான், அதற்குள் புழு செடியைத் தின்று முடித்துவிடும். அந்தக் கோணத்தில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் மரபணு மாற்றிய வைரஸைத் தோட்டத்தில் அவிழ்த்துவிட அனுமதி வாங்குவது லேசில்லை.

இப்போது உங்கள் அசுவினிக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் சுவாரசியம். அசுவினிக்கு மால்பீகியன் குழாயே கிடையாது. பரிணாமத்தில் எங்கோ அதைத் தொலைத்துவிட்டது. மேலே சொன்ன கதையில் பாதி அதற்குப் பொருந்தாது.

அதன் பிரச்சினை வேறு மாதிரி. அது குடிப்பது செடியின் சர்க்கரைச் சாறு. அதில் சர்க்கரை அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் அசுவினியின் இரத்தத்தைவிட அந்தச் சாற்றின் ஊடுகலப்பு அழுத்தம், அதாவது நீரை இழுக்கும் சக்தி, சில மடங்கு அதிகம். உப்புக் கண்டத்தில் நீர் வெளியேறுவதுபோல, அசுவினியின் உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இருக்கும் சர்க்கரையே இழுத்துவிட வேண்டும். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே அது தாகத்தில் சாக வேண்டும். அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் குடலில் இருக்கும் நொதிகள். அவை சாற்றின் சர்க்கரையை உடைத்து, அந்தத் துண்டுகளைக் கோத்துப் பெரிய மூலக்கூறாக்கி இழுவிசையைக் குறைத்துவிடுகின்றன. அதோடு, அக்வாபோரின் என்ற நீர்வழிப் புரதங்கள் பின்குடலில் இருந்து தண்ணீரை மறுபடி வயிற்றுப் பக்கம் திருப்பிவிடுகின்றன. மிச்சச் சர்க்கரை பிசுபிசுவென்று வெளியே வரும். வாழை இலையிலும் ஏலத்தட்டையிலும் எறும்பு மொய்ப்பதும், பிறகு கரும்பூஞ்சை படிவதும் அந்தக் கழிவால்தான்.

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரை தெரிந்திருக்கும். குடலில் சர்க்கரையை உடைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து அது. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பட்டாணி அசுவினிக்கு உணவில் அகார்போஸைக் கலந்து கொடுத்தார்கள். குடல் நொதி நின்றது, இரத்தத்தின் அடர்த்தி ஏறியது, அசுவினிகள் சில நாட்களில் செத்தன. 2009-இல் அக்வாபோரின் மரபணுவை அடக்கிப் பார்த்தபோதும் இரத்தத்தின் அடர்த்தி ஏறியது. ஹார்மோன் இல்லாமலேயே அசுவினியின் நீர்க்கணக்கை உடைக்க முடியும் என்பதற்கு இவை சாட்சி. எனக்கு இந்த வழிமேல் ஹார்மோன் வழியைவிடக் கொஞ்சம் அதிக நம்பிக்கை உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, குழாயே இல்லாத அசுவினிக்கு ஹார்மோன் என்ன செய்யும்? அதன் நரம்பிலும் இதே குடும்ப ஹார்மோன்கள் சுரக்கின்றன, கைனின் (மேலே சொன்ன லூக்கோகைனின் குடும்பம்) போன்றவை குடல் தசையைச் சுருங்கவும் வைக்கும். எனவே குடலும் உண்ணும் வேகமும் பாதிக்கப்படும். அமெரிக்க வேளாண் துறையில் டெக்சாஸில் வேலை பார்த்த ரொனால்ட் நாக்மன், மேலே சொன்ன மூவரில் ஒருவர், இதைத்தான் பல வருடம் தொடர்ந்தார். இயற்கையான கைனினை அசுவினிக்குக் கொடுத்தால் குடலில் உள்ள நொதிகள் நொடியில் நறுக்கிவிடும். அதனால் நொதி வெட்டும் இடத்தில் அமினோ ஐசோபியூட்டிரிக் அமிலம் என்ற, நொதிக்குப் பிடிகொடுக்காத துண்டை வைத்தார். 2010-இல் பெல்ஜியக் குழுவோடு சேர்ந்து, இந்த மாற்றிய கைனினைச் செயற்கை உணவில் கலந்து பட்டாணி அசுவினிக்குக் கொடுத்தபோது, அவை உண்பதைக் குறைத்துக்கொண்டு பெருமளவில் செத்தன. சிறிய சங்கிலி, வாய்வழியாகவே வேலை செய்கிறது என்பதால் இது பெரிய செய்தி.

ஆனால் 'செயற்கை உணவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குப் பின்னால் சர்க்கரைக் கரைசலில் ஹார்மோனைக் கலந்து வைப்பார்கள், அசுவினி படலத்தைக் குத்தி உறிஞ்சும். உங்கள் வாழையில் அது உறிஞ்சுவது தண்டின் உள்ளே ஓடும் சாற்றை. நீங்கள் தெளிக்கும் பெப்டைடு, அதாவது இந்த அமினோ அமிலச் சங்கிலி, இலையின் மேலே இருக்கும். இலைக்குள் போய், சாற்றுக்குழாயில் ஏறி, அசுவினியின் ஊசிக்கு வந்து சேர வேண்டும். பெப்டைடுகள் அப்படிச் செடிக்குள் பயணம் செய்வதில்லை. பூச்சியின் மேலேயே பட்டாலும், நீரில் கரையும் இந்தச் சங்கிலி மெழுகுத் தோலைத் தாண்டுவது கடினம். வெயிலில் கிடந்தால் சிதையும், இலைமேல் உள்ள நுண்ணுயிர்கள் தின்னும். ஆய்வுக்கூடத்துக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் நடுவில் இருக்கும் முக்கியமான சுவர் இதுதான்.

இதே ஹார்மோன் யோசனை வேறொரு வகையில் வெற்றிபெற்றிருக்கிறது, அதை ஒப்பிட்டால் சுவரின் உயரம் புரியும். பூச்சியை இளமையிலேயே நிறுத்திவைக்கும் ஜுவனைல் ஹார்மோனின் நகல்கள் 1970-களிலேயே சந்தைக்கு வந்துவிட்டன. வெள்ளை ஈக்கு நம்மூரில் அடிக்கும் பைரிப்ராக்சிஃபென் அந்த வகை. தோலுரிப்பைக் குழப்பும் மெத்தாக்சிஃபெனோசைடு புழுக்களுக்கு உண்டு. வேம்பின் அசாடிராக்டினும் தோலுரிப்பு ஹார்மோன் சுரப்பதைக் கெடுக்கிறது. ஜுவனைல் ஹார்மோன் கொழுப்புபோன்ற சின்ன மூலக்கூறு, அதன் நகல்களும் அப்படியே, தோலைத் தாண்டிப் போய்விடும். நீர்ச்சமநிலை ஹார்மோன்கள் புரதத் துண்டுகள், அந்த வசதி அவற்றுக்கு இல்லை. (பொறியில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொருளையும் சிலர் ஹார்மோன் என்கிறார்கள். அது பூச்சி வெளியே விடும் வாசனை, இந்தக் கணக்கில் சேராது.)

சுவரைத் தாண்ட ஒரு நல்ல வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் லெக்டின் புரதம் பூச்சியின் குடல்சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகும் தன்மை கொண்டது. 2002-இல் அதன் முதுகில் ஒரு பூச்சி நரம்பு ஹார்மோனை ஏற்றி, தக்காளியைத் தின்னும் ஒரு புழுவுக்குக் கொடுத்தார்கள். ஹார்மோன் இரத்தத்தில் போய்ச் சேர்ந்தது, புழு தின்பதும் வளர்வதும் குறைந்தது. ஆனால் அசுவினிக்கு இதைத் தெளிப்பாகக் கொடுத்தாலும் சாற்றுக்குள் ஏற்றும் சிக்கல் தீராது. செடியே அந்தப் புரதத்தைத் தயாரிக்க வேண்டும், அதாவது மரபணு மாற்றிய வாழை. நம் நாட்டில் கத்தரிக்கே 2010-இல் தடை போட்டுவிட்டார்கள். வாழைக்கும் ஏலத்துக்கும் அது பக்கத்தில் இல்லை.

ஐரோப்பாவில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் முன்னின்று 2015 முதல் நடத்திய நியூரோஸ்ட்ரெஸ்பெப் என்ற திட்டத்தின் முடிவுகளில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. பச்சை அசுவினியையும் ரோஜா அசுவினியையும் எடுத்து, நொதி தாக்காத கைனின், கப்பா வகை நகல்களைக் கொடுத்து, பிறகு அவற்றை வறட்சியிலும் குளிரிலும் வைத்துப் பார்த்தார்கள். கப்பா வகை நகல்கள் கொடுத்தவை அந்தச் சூழலில் சீக்கிரம் செத்தன. ஹார்மோன் பூச்சியின் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது, மீதி வேலையைக் காற்றும் வறட்சியும் செய்துவிடுகின்றன.

இதை உங்கள் இரண்டு நிலங்களில் வைத்துப் பாருங்கள். கம்பம் மலைமறைவில் கிடக்கும் பள்ளத்தாக்கு. மார்ச், ஏப்ரலில் காற்று காய்ந்து அடிக்கும். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் மூடுபனி, மரநிழல், ஈரம். ஏலத்துக்கு அந்த ஈரம்தான் வாழ்வு. இப்படி ஒரு மருந்து என்றைக்காவது வந்தால் கீழே கம்பத்தில் கோடையில் நன்றாக வேலை செய்யும், மேலே தென்மேற்குப் பருவமழையில் அரைகுறையாகத்தான் செய்யும் என்பது என் கணிப்பு. கீழேயும்கூட, வாழையின் இலைமட்டைக்குள் ஒதுங்கி நாளெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிக்குத் தண்ணீர் வரத்து நிற்பதில்லை. இழந்ததை அடுத்த நிமிடமே குடித்துக்கொள்ளும். உண்மையில் மாட்டிக்கொள்வது இறக்கை முளைத்துப் பறக்கும் அசுவினி. செடியை விட்டுப் பறக்கும் நேரத்தில் அதற்குக் குடிக்க எதுவும் கிடையாது. நோயைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோவதும் அதுதான் என்பதால், இந்த வழியில் ஆராய்பவர்கள் இறக்கை அசுவினியைத்தான் குறிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் உண்மையான எதிரி அசுவினி உறிஞ்சும் சாறு இல்லை, அது சுமக்கும் வைரஸ். வாழையில் முடிக்கொத்து நோய், கேரளத்தில் குறுநாம்பு என்பார்கள். சிறுமலையிலும் கீழ்ப் பழநி மலையிலும் விருப்பாச்சி வாழையை அழித்தது இதுதான். ஏலத்தில் கட்டே நோய். இரண்டையும் பரப்புவது நெருங்கிய உறவுள்ள அசுவினிகள், ஆனால் பரப்பும் விதம் வேறு. முடிக்கொத்து வைரஸை எடுக்க அசுவினி சில மணி நேரம் உறிஞ்ச வேண்டும். வைரஸ் அதன் உடம்புக்குள் சுற்றி வந்து, பிறகு அது உயிரோடு இருக்கும் காலமெல்லாம் தொற்றவைக்கும். இங்கே அசுவினியின் ஆயுளைக் குறைத்தாலும், உண்பதைக் குறைத்தாலும் பலன் உண்டு, உண்பதையே மந்தமாக்கும் கைனின் நகலுக்கு இது பொருத்தமான இடம். கட்டே வைரஸ் அப்படியில்லை. அசுவினி நோயுள்ள தட்டையில் சில நிமிடம் ஊசி போட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த தட்டையில் சில நிமிடத்தில் இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து அசுவினி காய்ந்து சாவதால் என்ன பயன்? உலகத்திலேயே சிறந்த நீர்ச்சமநிலை ஹார்மோனைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கட்டேயை அது நிறுத்தாது.

தேனீயைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. ஏலப்பூவில் காய் பிடிப்பதே தேனீயின் புண்ணியம். சிறுநீர்ப்பெருக்கு ஹார்மோன்களும் கப்பா வகையும் தேனீயின் உடம்பிலும் இருக்கின்றன. ஆகவே 'இயற்கை ஹார்மோன், தேனீக்கு ஒன்றும் ஆகாது' என்பது ஆதாரமில்லாத பேச்சு. ஹார்மோன் ஒட்டும் ஏற்பிப் புரதம் ஒவ்வொரு பூச்சியிலும் கொஞ்சம் மாறுபடும். அசுவினியின் ஏற்பியில் மட்டும் பொருந்தும் நகலைச் செதுக்க முடியும் என்பதுதான் இந்தத் துறையின் பெரிய நம்பிக்கை. செதுக்கிவிட்டோம் என்று தேனீயிலேயே சோதித்துக் காட்டும் வரை அது நம்பிக்கையாகவே இருக்கட்டும். மனிதனுக்கு? பெரிய சிறுநீர்ப்பெருக்கு ஹார்மோன்களுக்கும் நம் உடம்பின் சில ஹார்மோன்களுக்கும் தூரத்து உறவு உண்டு, கப்பாவுக்கும் உண்டு. கைனினுக்கு அப்படி நெருங்கிய உறவு நம் உடம்பில் இல்லை, அது ஒரு நல்ல காரணம். சாதாரண பெப்டைடு நம் வயிற்றில் செரித்தும் போய்விடும். ஆனால் நொதிக்குச் சிக்காதபடி மாற்றிய நகலுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. எது அதைப் பூச்சிக்குள் நிலைக்கவைக்கிறதோ அதுவே எச்சப் பரிசோதனையையும் கட்டாயமாக்குகிறது. பக்கத்திலேயே காசர்கோட்டில் எண்டோசல்ஃபானால் ஜனங்கள் பட்டதையும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடைசெய்ய வேண்டியிருந்ததையும் பார்த்த நாம் இந்த விஷயத்தில் அவசரப்படக் கூடாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது என்ன? கம்பத்து வாழையில் முதலில் கன்று. வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றை மட்டும் வையுங்கள், தெரிந்தவர் தோட்டத்துக் கன்று என்று இரக்கப்பட வேண்டாம். முடிக்கொத்து தெரிந்த மரத்தில் முதலில் அசுவினியைக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். மரத்தை வெட்டிச் சாய்த்தால் அதிலிருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்கு நடந்துவிடும், அதனால் இந்த வரிசை மாறக்கூடாது. எறும்பை விரட்டுங்கள், எறும்பு காவல் இருக்கும் வரை பொறிவண்டு அசுவினியை நெருங்காது. அடிமரத்துக் காய்ந்த மட்டைகளை உரித்துவிட்டு, மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்து மட்டை இடுக்கில் இறங்கும்படி அடியுங்கள். சோப்பும் மெழுகுப் படலத்தைக் கரைத்துக் காயவைக்கும் வேலையைத்தான் செய்கிறது. காய்ந்த நாளில், வெயில் தணிந்த நேரத்தில் அடித்தால் இலையும் கருகாது.

வண்டன்மேட்டில் வேறு வழி. தோட்டத்திலும் ஓடைக்கரையிலும் இருக்கும் காட்டுச் சேம்பையும் கலேடியத்தையும் பிடுங்கிவிடுங்கள், அந்த அசுவினி அங்கேதான் பெருகுகிறது. அழுகிய பழைய தட்டைகளையும் உலர்ந்த உறைகளையும் நீக்குங்கள். கட்டே தெரிந்த தூரை வேரோடு எடுத்துவிடுங்கள், மாதம் ஒருமுறையாவது இதற்காகவே சுற்றி வாருங்கள். கட்டே உள்ள தோட்டத்திலிருந்து நாற்றும் தட்டையும் எடுக்கவே கூடாது. அந்த ஈரத்தில் பூச்சியைக் காயவைக்கப் பார்ப்பதைவிட ஈரத்தை விரும்பும் பூஞ்சையை ஏவுவது புத்திசாலித்தனம். ஏலத்தைத் தாக்கும் த்ரிப்ஸ் என்ற சின்னப் பூச்சிக்கு இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் லெகானிசிலியம் சல்லியோடே என்ற பூஞ்சையை அந்த எண்ணத்தில்தான் கொண்டுவந்தது. அந்தப் பூஞ்சைக் குடும்பம் அசுவினியையும் தாக்கும். மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் உங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். சந்தேகமான தட்டையை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இந்த வழியில் எது முதலில் கடைக்கு வரும் என்று கேட்டால், ஹார்மோன் நேரடியாக வராது என்றே சொல்வேன். ஹார்மோன் ஆளும் அதே இயந்திரத்தைத் தாக்கும் சின்ன மூலக்கூறுகள் முந்திக்கொள்ளும். டெங்கு கொசுவின் மால்பீகியன் குழாயில் பொட்டாசியம் போகும் வழியை அடைக்கும் பொருள்களை அமெரிக்காவில் 2013 வாக்கிலிருந்தே சோதித்து வருகிறார்கள். அவை கொடுத்த கொசு இரத்தம் குடித்தபின் நீரை வெளியேற்ற முடியாமல் வீங்கிப்போகிறது. சின்ன மூலக்கூறு என்பதால் தோலைத் தாண்டும், செடிக்குள்ளும் ஏறக்கூடியதாகச் செய்யலாம். அசுவினியின் குடல் நொதியையும் அக்வாபோரினையும் குறிவைத்து, அவற்றின் மரபணுவை அடக்கும் இரட்டை இழை ஆர்என்ஏ இன்னொரு வழி. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு ஆர்என்ஏ தெளிப்பு ஒன்று 2023 கடைசியில் பதிவாகிவிட்டது, அது வேறு இலக்கைத் தாக்குகிறது என்றாலும் பாதை திறந்துவிட்டது. தின்னும் வண்டுக்கு அது எளிது. அசுவினிக்கு அங்கேயும் சாற்றுக்குழாய்க்குள் ஏற்றும் அதே பிரச்சினைதான் காத்திருக்கிறது. அதைத் தீர்த்தவர்கள் யார் என்று உறுதியாகத் தெரியும் அன்றைக்கு, பதிவு எண்ணோடும் லேபிளில் வாழை அல்லது ஏலம் என்ற பயிரின் பெயரோடும் பாட்டில் வரும். அப்போது முதலில் கம்பத்து வாழையில், கோடையில், நாலு வரிசைக்கு மட்டும் அடித்துப் பாருங்கள்.